வெளிதேசத்தில் ஊழியத்தை நடத்தும் தம்பதியரின் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் வெளிதேசத்தில் ஒரு சிறிய மிஷன் பணியைச் சேர்ந்து நடத்துகிறோம். சபைகளிலும் கடிதங்களிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான பதில்களை எழுதியது நான். கணக்கு, விசா பற்றியவற்றை அவர் பார்த்துத் திருத்தினார். இப்படி ஒரு ஊழியத்துக்குப் போகலாமா என்று ஜெபித்துக்கொண்டிருக்கும் தம்பதிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். சபை மேடையில் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாத விஷயங்களுக்கு இங்கே கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த நாடு என்று ஏன் சொல்வதில்லை?

எங்களோடு ஆராதிக்கிறவர்களின் பாதுகாப்புக்காக. நாங்கள் வெளிநாட்டவர்கள், பிரச்சினை வந்தால் விமானம் ஏறிவிடலாம். அவர்கள் அங்கேதான் வேலை பார்க்க வேண்டும், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும், சொந்தக்காரர்களோடு வாழ வேண்டும். ஒருவருடைய விசுவாசத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லும் உரிமை அவருக்குத்தான் உண்டு. அதனால் பெயர், ஊர், முகம் தெரியும் படம் எதையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதில்லை. குழந்தைகளின் படங்களை எந்த நிலையிலும் போடுவதில்லை. ஜெபக் கடிதம் இதனால் கொஞ்சம் வெறுமையாகத் தெரிகிறது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். பரவாயில்லை.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

விடியற்காலையில் இருவரும் தனித்தனியாக வேதம் வாசித்து ஜெபிப்போம். அதற்குப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து கொஞ்சம் ஜெபம், கொஞ்சம் வேலைப் பங்கீடு. இன்றைக்குப் பிள்ளைகளை யார் அழைத்து வருவது, வண்டி யாருக்கு, ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்க யார் போவது, வாடகை கட்டியாயிற்றா, இப்படி. அந்த நேரத்தை விட்டுவிட்டால் அன்றைய நாளில் நாங்கள் இருவரும் நிதானமாகப் பேச வேறு நேரம் கிடைக்காது.

காலை முழுவதும் பெரும்பாலும் அலுவலக வேலை. பதிவு புதுப்பித்தல், சம்பளப் பட்டியல், ஆதரவு தரும் சபைகளுக்கு அறிக்கை, கட்டடத்தில் ஒழுகும் கூரை. மிஷன் பணி என்றாலே நாள் முழுவதும் பிரசங்கம் செய்வதாக நினைக்கிறார்கள். ஒரு மிஷனை நடத்துகிறவர்களுக்கு அதில் போகும் நேரம் குறைவு. மதியம் வேதபாடத் தயாரிப்பு, உள்ளூர் ஊழியர்களுக்கான பயிற்சி, வீடு சந்திப்பு. மாலையில் மற்றவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும்போதுதான் எங்கள் வாசலுக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு அப்போதுதானே நேரம். கணவனோடு பிரச்சினை என்று ஒரு பெண் வருவாள், வேலை போய்விட்டது என்று ஒருவர் வருவார், ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போகவும் வருவார்கள். சும்மா வருகிறவர்களிடம்தான் பல நேரம் முக்கியமான பேச்சு நடந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டைக் குடும்பமாகச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அதனால் காலைச் சாப்பாட்டைக் குடும்ப நேரமாக மாற்றிக்கொண்டோம். அந்த நேரத்தில் போன் எடுப்பதில்லை. இரவில், நேர வித்தியாசத்தைப் பொறுத்து, தாய்நாட்டு சபையோடும் பெற்றோரோடும் அழைப்புகள்.

யாராவது இறந்துவிட்டால் மேலே சொன்னது அத்தனையும் ஒதுங்கிவிடும். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட முக்கியமான கூட்டம் எதுவும் அன்றைக்கு இல்லை.

ஊழியத்துக்கான அழைப்பு கணவன் மனைவி இருவருக்கும் இருக்க வேண்டுமா? ஒருவருக்கு இருந்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

வில்லியம் கேரியை எல்லாருக்கும் தெரியும். 1793-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர், வேதாகமத்தைப் பல மொழிகளில் மொழிபெயர்த்தவர். அவர் மனைவி டாரதியைப் பற்றி நம் சபைகளில் அதிகம் பேசுவதில்லை. டாரதி முதலில் வர மறுத்தார். கைக்குழந்தை இருந்தது. கடைசியில், தன் சகோதரி கூட வந்தால் வருகிறேன் என்று சம்மதித்தார். வந்த அடுத்த ஆண்டே, 1794-ல், ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதன்பின் டாரதியின் மனநிலை பாதிக்கப்பட்டது. 1807-ல் வங்காளத்தின் சேராம்பூரில் இறக்கும்வரை அவர் மீளவில்லை. பக்கத்து அறையில் மனைவி அந்த நிலையில் இருக்க, கேரி மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார் என்று வாசிக்கும்போது சிலர் அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டுவார்கள். எனக்கு டாரதிக்காகத்தான் மனம் வலிக்கும். அவருடைய சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்பதை நாம் எல்லாரும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு தம்பதியையும் சொல்கிறேன். அமெரிக்கரான அதோனிராம் ஜட்சனும் ஆன் என்ற பெண்ணும் 1812 பிப்ரவரி 5 அன்று திருமணம் செய்து, 19 அன்று கப்பல் ஏறினார்கள். அவர்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சம் இல்லை. பர்மாவில் பிறந்த மகன் ரோஜர் ஒரு வயது நிறையுமுன் இறந்தான். 1824-ல் ஆங்கிலேய-பர்மியப் போர் மூண்டபோது ஜட்சன் சிறையில் அடைக்கப்பட்டார். ஆன், வயிற்றில் பிள்ளையோடும் பிறகு கைக்குழந்தையோடும், அதிகாரிகள் வாசலில் மன்றாடி, சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோனார். 1826-ல் அவரும் இறந்தார். ஆனால் ஆன் தெரிந்து, விரும்பி, தன் சொந்தத் தீர்மானத்தில் போனவர். பர்மிய மொழியில் எழுதினார், சயாமிய மொழியும் (தாய்லாந்து மொழி) கற்று மத்தேயு சுவிசேஷத்தை அதில் மொழிபெயர்த்தார். துன்பம் இரண்டு வீட்டிலும் இருந்தது. அதைச் சுமக்கும் விதத்தில் வித்தியாசம் இருந்தது.

எனவே அனுப்பும் சபையின் மூப்பர்களுக்கு என் வேண்டுகோள்: மனைவியைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். "அவர் போகிறார், நானும் போகிறேன்" என்பது பதில் என்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லுங்கள். அதே போல, மனைவிக்குப் பாரம் இருந்து கணவருக்கு இல்லாத வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் இதேதான்.

மிஷனை நடத்துவது உங்கள் கணவர்தானே? நீங்கள் உதவியாக இருக்கிறீர்களா?

இருவரும் நடத்துகிறோம். ஆட்சிக்குழுவில் இருவருக்கும் பெயர் இருக்கிறது, யாருக்கு என்ன பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கிறது. பெண்கள் பயிற்சி, பள்ளிப் பணி, ஊழியர் நலன் என்னிடம். கட்டடம், அரசாங்கத் தொடர்பு அவரிடம், முன்பு கணக்கும் அவரிடம்தான் இருந்தது. பிரசங்கத்தை உள்ளூர் மூப்பர்களோடு பகிர்ந்துகொள்கிறார்.

அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியைவிட்டுப் போகச் சொன்னதால் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வருகிறார்கள். கூடாரம் செய்யும் தொழில். பவுல் அவர்கள் வீட்டில் தங்கி, அவர்களோடு வேலை செய்கிறார். பிறகு எபேசுவில் அப்பொல்லோவைச் சேர்த்துக்கொண்டு இருவருமாக உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது என்று பவுல் எழுதுகிறார். தொழில், வீடு, போதனை, விருந்தோம்பல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். எங்கள் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கேரி இருந்த சேராம்பூர் மிஷனிலும் ஹன்னா மார்ஷ்மன் என்ற பெண்மணி இருந்தார். அவரும் கணவர் ஜோஷுவாவும் 1800-ல் தொடங்கிய விடுதிப் பள்ளிகளின் வருமானம் அந்த மிஷனின் செலவுக்குப் பெரிய தூணாக இருந்தது. அச்சகத்தை நினைக்கிறோம், மொழிபெயர்ப்பை நினைக்கிறோம், அதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்றும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

பல மிஷன்களில் இன்றும் மனைவிக்குத் தனியாக வேலை விவரம் கிடையாது, ஆனால் நாள் முழுவதும் வேலை உண்டு. அது மாற வேண்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் காலத்தில் மனைவி ஊழியப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள விரும்பினால் அதுவும் எழுத்தில் இருக்கட்டும், குற்றவுணர்வு இல்லாமல் இருக்கலாம்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சில சபைகளும் சில குடும்பங்களும் மாதாமாதம் அனுப்பும் காணிக்கை. பெரிய தொகை எதுவும் இல்லை, சிறு தொகைகள் பல.

ஹட்சன் டெய்லர் 1865-ல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கியபோது, யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்போம் என்று வைத்துக்கொண்டார். அந்த வழியில் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேறு சிலர் தேவையை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கிறார்கள், பவுலும் எருசலேம் விசுவாசிகளுக்காகக் கேட்டவர்தான். இன்னும் சிலர் அந்த நாட்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு ஊழியம் செய்கிறார்கள். மூன்றும் நல்ல வழிதான். எதில் போனாலும் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

எங்கள் நடைமுறை இது. சொந்தக் கணக்கும் மிஷன் கணக்கும் வேறு வேறு வங்கிக் கணக்குகள். காசோலையில் இரண்டு கையெழுத்து, அந்த இரண்டும் கணவன் மனைவியாக இருக்கக் கூடாது, ஒன்று உள்ளூர் மூப்பருடையது. ஆண்டுதோறும் வெளித் தணிக்கை. குறிப்பிட்ட காரியத்துக்கு என்று கொடுத்த பணம் வேறு எதற்கும் போகாது, அவசரம் என்றாலும் போகாது. கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு மாற்றலாம்.

நாணய மதிப்பு இறங்கினால் வரும் தொகை திடீரென்று சுருங்கிவிடும். மூன்று மாதச் செலவையாவது கையில் வைத்திருப்பது அவசியம். உள்ளூர் ஊழியர்களின் சம்பளம் அதிலிருந்து முதலில் போக வேண்டும், நம்முடையது கடைசியில்.

மொழியை எப்படிக் கற்றீர்கள்?

ஆசிரியர் வைத்து, முழுநேரமாக. முதல் இரண்டு வருடம் வேறு பொறுப்பு எடுக்காமல் மொழியை மட்டும் படிக்க விடுங்கள் என்று அனுப்பும் சபைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன். "இரண்டு வருடமாக என்ன செய்தார்கள்?" என்று அறிக்கையில் கேட்டால், படித்தார்கள் என்பதே முழுமையான பதில்.

மனைவிக்குத்தான் மொழி தவறிப்போகும் ஆபத்து அதிகம். கணவர் வகுப்புக்குப் போவார், மனைவி பிள்ளையோடு வீட்டில் இருப்பார். ஐந்து வருடம் கழித்து அவர் பிரசங்கிப்பார், இவருக்கு அடுத்த வீட்டுக்காரியோடு பேச வராது. அந்தத் தனிமை மிகக் கொடியது. வகுப்பு நேரத்தைப் பாதியாகப் பிரித்து மாறிமாறிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜட்சன் தம்பதியரில் பேச்சுமொழி முதலில் சரளமாக வந்தது ஆனுக்குத்தான். வீட்டை நடத்துவதற்காக அவர் நாள் முழுவதும் அக்கம்பக்கத்தாரோடு பேசியாக வேண்டியிருந்தது, ஜட்சனோ புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார். ஆக, வீட்டில் இருப்பது தடையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, வாசலுக்கு வெளியே வந்து பேசினால் சரி.

விசா கிடைப்பது கஷ்டமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். சில நாடுகளில் மதப் பணியாளருக்கென்றே தனி விசா உண்டு. உதாரணமாக அமெரிக்காவின் ஆர்-1 விசாவில் அதிகபட்சம் ஐந்து ஆண்டு இருக்கலாம், ஆனால் கூடவரும் துணைவருக்குச் சம்பள வேலை செய்ய அனுமதி இல்லை. இப்படிப்பட்ட நிபந்தனையைப் போகும் முன்பே இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், அது மனைவியின் அல்லது கணவரின் பல வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

சில நாடுகள் மிஷனெரி விசா தருவதே இல்லை. அங்கே மருத்துவராக, ஆசிரியராக, தொழில் நடத்துகிறவராகப் போகிறார்கள். அப்படிப் போனால் அந்த வேலையை உண்மையாகவே செய்ய வேண்டும். கம்பெனி என்று பெயர்ப்பலகை மட்டும் மாட்டிவிட்டு உள்ளே எதுவும் நடக்கவில்லை என்றால் அது பொய். சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வதும் தவறு. நாம் அறிவிக்கிறவர் சத்தியமானவர், அவரை அறிவிக்கும் வழியும் சத்தியமாக இருக்க வேண்டும்.

இந்தத் தொல்லை புதிது ஒன்றும் இல்லை. கேரி வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனெரிகளை விரும்பவில்லை. டென்மார்க்கின் கொடி பறந்த சேராம்பூரில்தான் மிஷன் நிலைகொள்ள முடிந்தது. ஜட்சன் தம்பதியர் 1812-ல் கல்கத்தாவில் இறங்கியதும் வெளியேறும்படி உத்தரவு வந்தது. அலைந்து திரிந்து அடுத்த ஆண்டு பர்மாவின் ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள்.

பிள்ளைகள் பாதிக்கப்பட மாட்டார்களா?

இதைக் கேட்கும்போது தாய்மார்களின் முகம் எனக்குத் தெரியும், என் முகமும் அப்படித்தான் இருந்தது.

பாதிப்பு உண்டு, நன்மையும் உண்டு. எலைசா மால்ட் நாகர்கோவிலில் மிஷனெரிகளாக இருந்த சார்லஸ், மார்த்தா தம்பதியரின் மகள். தமிழைப் பேசியே வளர்ந்தவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்து இடையன்குடிக்கு வந்தபோது, அந்த ஊர்ப் பெண்களோடு முதல் நாளிலிருந்தே பேச முடிந்தது அவரால். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இரண்டு உலகத்துக்குள் வளர்ந்த பிள்ளையால் என்ன முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். டேவிட் லிவிங்ஸ்டன் 1852-ல் மனைவி மேரியையும் பிள்ளைகளையும் ஆப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கும் மேல் பிரிவு. மேரியும் பிள்ளைகளும் அங்கே பணமும் நிலையான வீடும் இல்லாமல் தவித்தார்கள். சீனாவில் மிஷனெரிப் பிள்ளைகளுக்காக 1881-ல் செஃபூ பள்ளி தொடங்கப்பட்டது, நல்ல பள்ளிதான். ஆனாலும் அங்கே படித்த பிள்ளைகள் பலர் பெற்றோரைப் பல மாதங்களுக்கு, சிலர் வருடக்கணக்கில், பார்க்காமல் வளர்ந்தார்கள். அந்த நாட்களில் வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கு வழி இருக்கிறது, ஆகவே சிறு பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பி ஊழியம் செய்வதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளி, வீட்டில் தாய்மொழி, வாரத்தில் ஒரு மாலை முழுக்கப் பிள்ளைகளுக்கு.

1950-களில் ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர், வெளிநாட்டில் வளரும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று பெயர் வைத்தார். பெற்றோரின் பண்பாடு ஒன்று, வாழும் நாட்டின் பண்பாடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அவர்களே உருவாக்கிக்கொள்ளும் மூன்றாவது ஒன்று. "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் அவர்கள் தடுமாறுவார்கள். விடுப்பில் வரும்போது தயவுசெய்து அந்தக் கேள்வியைத் தவிருங்கள். மேடையில் ஏற்றி அந்த நாட்டு மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொல்வதையும் தவிருங்கள். விளையாடக் கூட்டிப்போங்கள், அது போதும்.

நண்பர்களை விட்டுப் பிரிவதுதான் அவர்களுக்குப் பெரிய துக்கம். சக மிஷனெரிக் குடும்பம் ஊர் திரும்பும்போதெல்லாம் ஒரு சாவு நடந்த மாதிரி இருக்கும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று உடனே மூடிவிடாமல், அழ விட வேண்டும்.

இன்னொன்று. எங்கள் மிஷனில் குழந்தைப் பாதுகாப்பு விதிகள் எழுத்தில் இருக்கின்றன. பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, புகார் வந்தால் மூடிமறைக்காமல் காவல்துறைக்குப் போக வேண்டும். மிஷனை நடத்துகிற எங்களுக்கும் அதே விதி. இப்படி விதி இல்லாத எந்த மிஷனிலும் சேராதீர்கள்.

வயதான பெற்றோரை விட்டுவிட்டு எப்படி இருக்கிறீர்கள்?

கஷ்டத்தோடு இருக்கிறோம். இதற்கு ஆவிக்குரிய வார்த்தைகளால் பூசி மெழுகிய பதில் என்னிடம் இல்லை.

உடன்பிறந்தவர்களோடு முன்கூட்டியே பேசி, யார் என்ன செய்வது, நாங்கள் எவ்வளவு பணம் அனுப்புவது, எந்த நிலைமையில் உடனே கிளம்பி வருவது என்று முடிவு செய்து வைத்திருக்கிறோம். ஒரு நெருக்கடி டிக்கெட்டுக்கான பணம் எப்போதும் தனியாக இருக்கும், அதைத் தொடுவதில்லை. ஆனாலும் என் மாமனார் இறந்தபோது அடக்க ஆராதனைக்குப் போய்ச் சேர முடியவில்லை. போனில் பார்த்தோம். அன்று மாலை எங்கள் சபையார் வீடு நிறைய வந்து, ஒன்றும் பேசாமல் இரவு முழுவதும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள்தான் அவர்களுக்கு ஊழியம் செய்ய வந்தோம் என்ற எண்ணம் எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாகத் திரும்பி வரும் தம்பதிகளும் இருக்கிறார்கள். அதை ஊழியத்தில் தோற்றுப்போனதாக யாரும் பேச வேண்டாம்.

குழுவில் சண்டை வருமா?

வரும். மிஷனெரிகள் ஊர் திரும்புவதற்கு நோயைப் போலவே சக ஊழியரோடு ஒத்துப்போகாததும் ஒரு காரணம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பவுலும் பர்னபாவும் பிரிந்ததை நாம் வாசிக்கவில்லையா?

1800-ல் சேராம்பூரில் கேரி, மார்ஷ்மன் குடும்பங்களும் வில்லியம் வார்டு முதலிய சக மிஷனெரிகளும் ஒரே வீட்டில், ஒரே செலவில் வாழத் தொடங்கியபோது சில விதிகளை வைத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சனிக்கிழமை மாலை, அந்த வாரத்தில் ஏற்பட்ட மனத்தாங்கல்களைப் பேசித் தீர்ப்பதற்கு என்று ஒதுக்கப்பட்டது. வீட்டு நிர்வாகப் பொறுப்பும் மாதாமாதம் கைமாறியது. நாங்களும் வாரம் ஒருமுறை அப்படி உட்காருகிறோம். சனிக்கிழமை பேசித் தீர்த்துவிட்டால் ஞாயிறு ஒரே அப்பத்தில் பங்கெடுப்பது எளிது.

நீங்கள் இருவரும் சண்டை போடுவதுண்டா? ஓய்வு எப்போது?

சண்டை உண்டு, பெரும்பாலும் களைப்பினால். சபையில் நடந்த பிரச்சினையைப் படுக்கையறைக்குள் கொண்டுவருவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். கணவனும் மனைவியும் ஒரே வேலையில் இருந்தால் வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போய்விடும்.

ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். அதனால் வாரத்தில் வேறொரு நாள் ஓய்வு. அன்று யார் கூப்பிட்டாலும் உள்ளூர் மூப்பர் ஒருவர் பார்த்துக்கொள்வார். அப்புறம், மிஷனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வயதான தம்பதியோடு மாதம் ஒருமுறை மனம்விட்டுப் பேசுகிறோம். நடத்துகிறவர்களுக்கும் மேய்ப்பர் தேவை. நமக்கு ஆதரவு தரும் சபையிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, நாம் நடத்தும் சபையிடமும் சொல்ல முடியாது.

உடல்நலம், பாதுகாப்பு?

தடுப்பூசி, மருத்துவக் காப்பீடு, அவசரத்தில் வெளியேறும் திட்டம் மூன்றும் இல்லாமல் யாரும் போகக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்கான தடுப்பூசிச் சான்று 2016 ஜூலை முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். மலேரியா உள்ள இடமென்றால் கொசுவலை, மாத்திரை. விசுவாசம் இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, டாரதியின் பீட்டரையும் ஆனின் ரோஜரையும் நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கு இந்த வசதி கிடைத்திருந்தால்!

மனச்சோர்வுக்கும் மருத்துவர் உண்டு. போங்கள்.

மதம் மாற்றத்தான் போகிறீர்களா?

இயேசுவைப் பற்றிச் சொல்லப் போகிறோம், அதை மறைப்பதில்லை. கேட்க விரும்புகிறவருக்குச் சொல்கிறோம், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறோம், அதற்குப் பிறகும் நண்பர்களாகவே இருக்கிறோம். பள்ளியில் இடம், மருந்து, உதவித்தொகை எதையும் ஆராதனைக்கு வருவதோடு முடிச்சுப் போடுவதில்லை. பசியோடு இருப்பவரிடம் விசுவாசத்தை விலையாகக் கேட்பது அவரையும் அவமதிக்கும், சுவிசேஷத்தையும் அவமதிக்கும்.

இதுவரை எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டிருக்கிறார்கள்?

எண்ணிக்கை கொடுப்பதில்லை. ஜட்சன் தம்பதியர் ரங்கூனுக்குப் போனது 1813-ல், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். ஆறு வருடம். இன்றைய சபைகளில் எத்தனை அந்த ஆறு வருடமும் காணிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எண்ணிக்கைக்காக நெருக்கினால் ஊழியர்கள் எண்ணிக்கை தயாரிப்பார்கள். அதற்குப் பதிலாக, "யாரோடு நட்பாக இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், சந்தோஷமாக நீளமாகப் பதில் எழுதுவேன்.

விடுப்பில் வந்தால் ஓய்வாக இருப்பீர்கள்தானே?

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சபை, ஒவ்வொரு இரவும் ஒரு வீடு என்றால் ஓய்வு இராது. முதல் மாதம் எங்களை யாரும் கூப்பிடாதபடி அனுப்பும் சபை ஏற்பாடு செய்கிறது. பெரிய உதவி அது. எல்லாச் சபைகளும் இதைச் செய்யலாம்.

நாங்கள் எப்படி உதவலாம்? ஒரு குழுவாக வந்து பார்க்கலாமா?

வரலாம், அழைத்தால். எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதை உள்ளூர் சபை சொல்லட்டும். உள்ளூர்க் கொத்தனார் இருக்கும்போது சுவர் கட்ட விமானத்தில் ஆள் வர வேண்டாம். கணக்கு சரிபார்க்கத் தெரிந்தவர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரக் கூடியவர் ஒருவர் வந்து மூன்று வாரம் அமைதியாக இருந்தால் அதனால் நீண்ட நாள் பயன்.

பழைய துணி அனுப்பாதீர்கள். எழுதுங்கள். கடிதத்துக்கு இரண்டு வரி பதில் வந்தாலே அந்த வாரம் மாறிவிடும். பிள்ளைகளின் பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பவர்களை நாங்கள் மறப்பதில்லை.

எப்போது நிரந்தரமாகத் திரும்புவீர்கள்?

அங்குள்ள சபை தன் போதகரைத் தானே தேர்ந்து, தன் செலவைத் தானே பார்த்து, சுவிசேஷத்தைத் தானே அறிவிக்கும்போது. 19-ஆம் நூற்றாண்டில் சி.எம்.எஸ் என்ற ஆங்கிலேய மிஷனெரி சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென் இதைத்தான் மிஷனின் இலக்கு என்று சொன்னார். சபை எழும்பினால் மிஷன் மறைய வேண்டும் என்பது அவர் கருத்து. சொன்ன அளவுக்கு நடக்கவில்லை, பல இடங்களில் வெளிநாட்டவர் சாவியை விடவில்லை.

1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா எழுந்து, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று சொன்னார். சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. அவரும் மனைவி அன்பு மரியம்மாளும் தமிழ்நாட்டை விட்டுத் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போய், வேறொரு மொழி பேசும் எளிய மக்களோடு வாழ்ந்தவர்கள். 1912-ல் அவர் அங்கே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். நம்மவர்கள் அனுப்பப்பட்டவர்களாகப் போகும்போது, ஒரு காலத்தில் நாம் மற்றவர்களிடம் கேட்டதை இப்போது நம்மிடம் கேட்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

எங்களைப் பொறுத்தவரை, கணக்கு வேலையை ஏற்கெனவே உள்ளூர் மூப்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். பெண்கள் பயிற்சியை அடுத்து ஒப்படைக்கிறேன். ஆட்சிக்குழுவின் தலைமையும் மாறப்போகிறது, அதற்குப் பிறகு கூப்பிட்டால் மட்டும் பேசுவோம்.

நாங்களும் தம்பதியராகப் போக விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

இப்போது இருக்கும் சபையில், இருவரும் சேர்ந்து ஒரு பொறுப்பை எடுத்து மூன்று வருடமாவது செய்யுங்கள். உங்கள் தெருவில் வேறு மொழி பேசும் ஒரு குடும்பம் இருந்தால் அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவர்கள் கூப்பிட்டால் போங்கள். கடன் இருந்தால் அடையுங்கள். பிள்ளைகள் விவரம் தெரிந்த வயதில் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பிறகு போக நினைக்கும் நாட்டில் ஏற்கெனவே இருக்கும் சபையாருக்கு எழுதி, எங்களைப் போன்றவர்கள் உங்களுக்குத் தேவையா என்று விசாரியுங்கள். தேவை இல்லை என்று பதில் வந்தால் அதையும் கர்த்தரிடமிருந்து வந்ததாக எடுத்துக்கொண்டு, வேறு இடத்துக்கு எழுதுங்கள்.